தட்டும் இல்லை, பரிமாற ஆளும் இல்லை: டெக்சாஸ் சிற்றூர் பார்பிக்யூ கடையில் சாப்பிடுவது எப்படி?

டெக்சாஸின் தலைநகர் ஆஸ்டினிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் லாக்ஹார்ட் என்றொரு சிற்றூர் வரும். நடுவில் பழைய நீதிமன்றக் கட்டடம், அதைச் சுற்றி நாலைந்து கடைத்தெருக்கள், அவ்வளவுதான் ஊர். ஆனால் 1999இல் மாநிலப் பிரதிநிதிகள் அவை தீர்மானம் போட்டு இந்த ஊரை ‘டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம்’ என்று அறிவித்திருக்கிறது. வார இறுதியில் ஊர்க்காரர்களைவிட வெளியூர்க்காரர்கள்தான் இங்கே அதிகம் தென்படுவார்கள்.

முதல்முறை போகிறவர் வாசலிலேயே குழம்பிப்போவது சகஜம். ஸ்மிட்டிஸ் மார்க்கெட் என்ற கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் கட்டிய கட்டடம். உள்ளே நுழைந்து வரிசையில் நின்றால் காலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், விறகு எரிந்துகொண்டிருக்கும். தடுப்பு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. சுவரெல்லாம் கரி. மெனு கார்டு கொண்டுவந்து தர ஆள் கிடையாது. கறியைத் தராசில் நிறுத்து, தாளில் வைத்துச் சுற்றி, கையில் கொடுத்துவிடுவார்கள். தட்டு எங்கே என்று கேட்டால் அந்தத் தாள்தான் தட்டு. பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், குளிர்பானம் வேண்டுமென்றால் அடுத்த அறையில் வேறொரு கவுன்டருக்குப் போய்த் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

பழமையைக் காட்டிக் காசு பார்க்கும் ஏற்பாடு என்று இதைப் பார்த்துச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தக் கடைகள் தொடங்கியபோது உணவகங்களாகவே இல்லை, கறிக்கடைகளாக இருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டால் விசித்திரமாகத் தெரிவது ஒவ்வொன்றுக்கும் காரணம் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன், இங்கே பார்பிக்யூ என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். சென்னையில் பார்பிக்யூ என்றதும் மேசை நடுவே தணலும் அதன்மேல் கம்பியில் கோத்த சிக்கன் துண்டுகளும்தான் நினைவுக்கு வரும். அது தணல்மேல் நேரடியாக வாட்டுவது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பார்பிக்யூ ஏறக்குறைய நேர்மாறானது. டெக்சாஸ் பாணியில் தீ ஒருபக்கம், கறி இன்னொருபக்கம். நடுவே நகர்ந்து போகிற சூடான புகைதான் சமைக்கிறது. சூடு பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை. நேரம் 12 மணி, சில சமயம் அதற்கும் மேல். நேற்று ராத்திரி அடுப்பில் ஏற்றியதைத்தான் இன்று மதியம் சாப்பிடுகிறோம்.

சரி, கறிக்கடைக் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடு டெக்சாஸில் ஜெர்மானியர்களும் செக் நாட்டவரும் நிறையப் பேர் வந்து குடியேறினார்கள். அவர்களில் கசாப்புத் தொழில் தெரிந்தவர்கள் ஊர்தோறும் கறிக்கடை வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். நல்ல துண்டுகள் காலையிலேயே விற்றுவிடும். மிஞ்சிய முரட்டுத் துண்டுகள் மறுநாளைக்குத் தாங்காது. அவற்றைக் கடைக்குப் பின்னால் புகையில் வேகவைத்தார்கள். வெட்டிய சிறுதுண்டுகளையும் கொழுப்பையும் அரைத்து சாசேஜ் ஆக்கினார்கள். வீணாகப் போக வேண்டியது காசானது.

வாங்கியவர்கள் யார் என்பதும் முக்கியம். பருத்தி அறுவடைக் காலத்தில் கூலிவேலைக்கு வந்தவர்களில் மெக்சிகோ வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் ஏராளம். அன்றைய டெக்சாஸில் பல உணவகங்களில் அவர்களுக்கு உட்கார இடம் கிடையாது. கறிக்கடையில் காசு கொடுத்தால் வெந்த கறி கிடைத்தது. கறிக்கடை என்பதால் எடைக்கணக்கு. கறிக்கடையில் தட்டு ஏது? பச்சைக்கறி மடித்துத் தரும் அதே முரட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள, மளிகை அலமாரியில் இருந்த உப்பு பிஸ்கட், வெங்காயம், வெள்ளரி ஊறுகாய், சீஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வெளியே நின்றபடியோ வண்டியோரம் உட்கார்ந்தபடியோ சாப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கடைகளில் பக்கத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அவைதான்: பிஸ்கட் அல்லது வெள்ளை ரொட்டி, நறுக்கிய பச்சை வெங்காயம், ஊறுகாய், ஹலபேன்யோ மிளகாய். சமையற்கலைஞர் யாரும் உட்கார்ந்து யோசித்த சேர்க்கை அல்ல. அலமாரியில் இருந்தது, அவ்வளவே.

லாக்ஹார்ட்டின் கிரைட்ஸ் மார்க்கெட் 1900இல் இப்படித் தொடங்கிய கறிக்கடைதான். அங்கே நெடுங்காலம் முள்கரண்டியும் கிடையாது, சாஸும் கிடையாது. பழைய கட்டடத்தில் பொதுக்கத்திகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்களாம், யாரும் எடுத்துப் போய்விடக்கூடாது என்று.

இந்தக் கடையின் குடும்பக் கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1948இல் கடையை வாங்கியவருக்கு ஸ்மிட்டி என்று செல்லப்பெயர். அவர் வியாபாரத்தை மகன்களுக்குக் கொடுத்தார். 1990இல் அவர் இறந்தபின் கட்டடம் மகளுக்குப் போனது. அடுப்பு ஒருவர் கையில், அது நிற்கிற தரை இன்னொருவர் கையில். அப்பா சொத்தில் இப்படிப் பங்கு பிரிந்தால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? குத்தகையில் ஒத்துவராமல், 1999இல் மகன்களில் ஒருவர் கிரைட்ஸ் மார்க்கெட் என்ற பெயரோடு கொஞ்சதூரம் தள்ளிப் புதிதாகப் பெரிய கட்டடம் கட்டிக்கொண்டு போனார். போகும்போது பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் அள்ளி, தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பை மூட்டினார். மகள் பழைய கட்டடத்திலேயே அப்பாவின் செல்லப்பெயரில் ஸ்மிட்டிஸ் மார்க்கெட்டைத் தொடங்கினார். ஒரே குடும்பம், இரண்டு கடை. இரண்டுக்கும் கூட்டம் வருகிறது. இவை போதாதென்று 1932இலிருந்து ஒரே குடும்பம் நடத்திவரும் பிளாக்ஸ் பார்பிக்யூவும் அதே ஊரில் இருக்கிறது.

இனி அடுப்பு. இதை ‘பிட்’ என்பார்கள். அதைக் கவனித்துக்கொள்பவர் பிட்மாஸ்டர். பழைய கடைகளில் இது இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லால் கட்டிய நீண்ட பெட்டி. மேலே இரும்பு மூடி. ஒரு முனையில் விறகு எரியும், மறுமுனையில் புகைபோக்கி. புகைபோக்கி இழுக்க இழுக்கச் சூடும் புகையும் கறிமேல் தவழ்ந்து போகும். வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் எதுவும் கிடையாது. விறகைத் தள்ளுவதும் இழுப்பதும், கறியைத் தீப்பக்கமோ தூரமாகவோ நகர்த்துவதும்தான் வழி. விறகு போஸ்ட் ஓக் என்ற ஒருவகைக் கருவாலி மரம். அந்த வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. வெட்டிக் காயவைத்தால் நிதானமாக எரியும், புகை காரமாக இருக்காது. ஈர விறகு போட்டால் கறி கசந்துவிடும் என்பதால் விறகைக் காயவைப்பதே பாதி வேலை.

கறியில் அதிகம் பேசப்படுவது பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுப்பகுதி. மாட்டுக்குக் காறையெலும்பு இல்லாததால் முன்பாரத்தை இந்தத் தசைதான் தாங்குகிறது. நாள் முழுக்க உழைக்கும் தசை இறுகித்தான் இருக்கும். அதில் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் அதிகம். சட்டென்று சமைத்தால் செருப்புத்தோல்தான். ஆனால் பல மணிநேரம் மிதமான சூட்டில் கிடந்தால் அந்தக் கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகிவிடும். விரலால் தொட்டாலே பிரிகிற, உதட்டில் ஒட்டுகிற அந்தப் பதம் இதனால் வருவதுதான்.

நடுவில் ஒரு கண்டம் உண்டு. கறியின் உள்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கேயோ வந்ததும் அப்படியே நின்றுவிடும். தீ எரிந்துகொண்டேயிருக்கும், வெப்பமானி மணிக்கணக்கில் அசையாது. புதிதாக முயல்கிறவர்கள் பயந்துபோய் விறகை அள்ளிப் போடுவது இங்கேதான். நடப்பது இதுதான்: கறியின் ஈரம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, ஆவியாகும் ஈரம் வருகிற சூட்டையெல்லாம் தின்றுவிடுகிறது. மேற்பரப்பு உலர்ந்த பிறகு வெப்பம் மறுபடி ஏறும். பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை, அல்லது தாளில் சுற்றி ஆவியாவதைத் தடுக்க வேண்டும். பல கடைகள் இரண்டாவதைச் செய்கின்றன.

மேலே படியும் கருப்புப் பொருக்கைப் பார்த்துக் கருகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். உப்பும் மிளகும் புகையும் உருகிய கொழுப்பும் சேர்ந்து காய்ந்த படிவம் அது. என்னைக் கேட்டால் முழுத்துண்டிலும் ருசியான இடம் அதுதான். வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் பச்சைக்கறி அல்ல. புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்கவைக்கிறது. அதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள், படம் பிடிப்பார்கள். ருசியில் அந்த வளையத்துக்குப் பங்கு எதுவும் இல்லை.

இவ்வளவு பெயர்பெற்ற பிரிஸ்கெட் ஒன்றும் ஆதிகாலத்துப் பண்டம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கறிக்கடைகள் மாட்டின் முன்பாகத்தை மொத்தமாக வாங்கி, தோள்பட்டை உட்பட எது மிஞ்சியதோ அதையே புகைத்தன. 1960களில் கறி முழு உடலாக வராமல், பகுதி பகுதியாகப் பெட்டியில் வரத் தொடங்கிய பிறகுதான் வேண்டிய அளவு பிரிஸ்கெட்டை மட்டும் தனியே வாங்க முடிந்தது. அப்போது அது மலிவும்கூட. இன்றைக்குப் பேர்பெற்ற கடைகளில் சமைத்த பிரிஸ்கெட் பவுண்டுக்கு 30 டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. கொழுப்பைச் சீவி, 12 மணிநேரம் புகைத்து எடுத்தால் வாங்கிய எடையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழைக்கென்று விற்ற துண்டு விலையேறிப்போனது வருத்தம்தான்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் என்ன கேட்பது? ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். பெரியவர் ஒருவருக்கு எல்லாக் கறியும் சேர்த்து அரைப் பவுண்டு தாராளம். பிரிஸ்கெட் கேட்டதும் ‘லீனா, மாய்ஸ்ட்டா?’ என்பார் வெட்டுகிறவர். லீன் என்பது கொழுப்புக் குறைந்த தட்டைப் பகுதி. மாய்ஸ்ட் என்பது கொழுப்போடிய தடித்த பகுதி. தயங்காமல் மாய்ஸ்ட் சொல்லுங்கள். லீன் துண்டு கொஞ்சம் நேரமானாலும் வறண்டுவிடும். அதை நன்றாகச் செய்கிற கடைகள் குறைவு. கால் பவுண்டு, இரண்டு துண்டு என்றெல்லாம் கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாசேஜ் எண்ணிக்கைக் கணக்கு. ஒன்று கட்டாயம் வாங்குங்கள். எல்ஜின் ஊரில் 1882இலிருந்து நடக்கும் சவுத்சைட் மார்க்கெட்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததே சாசேஜ்தான். மாட்டு விலா எலும்பு ஒன்றே அரைக் கிலோவைத் தாண்டும். நாலு பேராகப் போனால் மட்டும் அதைத் தொடுங்கள். கூச்சப்படாமல் வெட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். டெய்லர் ஊரில் 1949இல் தொடங்கிய லூயி மியூலர் கடையில், வரிசையில் நிற்பவருக்குப் பொருக்கோடு ஒரு துண்டை ருசிபார்க்க நீட்டுவது வழக்கம். அந்தக் கடைச் சுவரில் குத்திவைத்த விசிட்டிங் கார்டுகள் புகையேறி மரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டன.

கையால் சாப்பிடுவதில் நமக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒரு வாய் கறி, ஒரு கடி வெங்காயம், கொஞ்சம் ஊறுகாய். கொழுப்பு திகட்டும்போது புளிப்பும் காரமும் வாயைச் சுத்தம் செய்துவிடும். குடிக்க பிக் ரெட் என்ற சிவப்பு சோடா கிடைக்கும், 1937இல் டெக்சாஸின் வேக்கோ நகரில் பிறந்தது. கரைத்த பபிள்கம் வாசம் அடிக்கும். ஊர்க்காரர்கள் உயிரைவிடுகிறார்கள், எனக்கு அது புரியவில்லை.

சாஸ் விஷயத்தில் கொஞ்சம் கவனம். நடு டெக்சாஸில் சாஸ் கேட்டால் குற்றம் இல்லை, இப்போது பெரும்பாலான கடைகளில் தருகிறார்கள். ஆனால் சாஸ் கறியின் குறையை மறைக்கத்தான் என்பது பழையவர்களின் எண்ணம். முதல் இரண்டு வாய் வெறுமனே சாப்பிட்டுவிட்டு அப்புறம் தொட்டுக்கொள்வது மரியாதை.

இதையே நார்த் கரோலினாவில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பார்பிக்யூ என்றால் பன்றி, சாஸ் அதில் பாதி உயிர். மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் முழுப்பன்றியையும் தணல்மேல் உயரத்தில் வைத்து இரவெல்லாம் வேகவிட்டு, வெட்டுக்கத்தியால் பொடியாகக் கொத்தி, வினிகரும் மிளகாயும் கலந்து தருவார்கள். ஏய்டன் என்ற சிற்றூரில் 1947இலிருந்து இருக்கும் ஸ்கைலைட் இன் இதற்குப் பேர்போனது. நாடாளுமன்றக் கட்டடத்தைப் போல ஒரு குவிமாடத்தைக் கூரைமேல் வைத்திருக்கிறார்கள், பார்பிக்யூவுக்குத் தலைநகர் நாங்கள்தான் என்று சொல்லாமல் சொல்ல. அலபாமாவின் டிகேட்டர் ஊரில் 1925இல் தொடங்கிய பிக் பாப் கிப்சன் கடையின் அடையாளம் மயோனைஸில் செய்த வெள்ளை சாஸ். ஆளுக்கொரு ஊர், ஊருக்கொரு சண்டை.

இந்தப் பழைய கடைகளைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடுகிற ஒரு பக்கம் உண்டு. தென்மாநிலங்களில் இந்தச் சமையலை வளர்த்தெடுத்ததில் பெரும்பங்கு அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையது. பண்ணை விருந்துகளுக்குக் குழி வெட்டி இரவெல்லாம் தணல் காத்தவர்கள் அவர்கள்தான். விடுதலைக்குப் பிறகும் பல கடைகளில் அடுப்பு அவர்கள் கையில் இருந்தது, மேசை இல்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஓலிஸ் பார்பிக்யூ என்றொரு கடை. வேலையாட்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வாடிக்கையாளராக வரும் கறுப்பினத்தவர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம், உள்ளே உட்கார முடியாது. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்து இப்படிப் பாகுபாடு பார்ப்பதைத் தடை செய்தபோது, உள்ளூர்க் கடைக்கு மத்திய அரசின் சட்டம் பொருந்தாது என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கடை ஓராண்டில் வாங்கிய உணவுப்பொருளில் 46 சதவீதம் வேறு மாநிலத்திலிருந்து வந்த கறி என்பது தெரியவந்தது. கறி மாநில எல்லையைத் தாண்டி வருகிறது என்றால் வியாபாரமும் எல்லைக்குள் அடங்கியதல்ல, ஆகவே சட்டம் பொருந்தும் என்று 1964 டிசம்பர் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நாடெங்கும் உள்ள சின்ன உணவகங்களின் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்புகளில் அது ஒன்று.

இனி போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். எப்போது போவது என்பதுதான் முதல் கேள்வி. இரவில் ஏற்றிய கறி எவ்வளவோ அவ்வளவுதான் அன்றைய வியாபாரம். தீர்ந்தால் மறுபடி சமைத்துத் தர இன்னும் 12 மணிநேரம் வேண்டும். அதனால் ‘தீரும் வரை’ என்றே பல கடைகள் நேரம் போடுகின்றன. பகல் ஒரு மணிக்குள் போய்விடுவது நல்லது. இதில் உச்சம், டெக்சாஸிலேயே லெக்சிங்டன் என்ற ஊரில் இருக்கும் ஸ்னோஸ். சனிக்கிழமை மட்டும் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அன்றுதான் அந்த ஊரில் மாட்டு ஏலம். ஏலத்துக்கு வருகிறவர்கள் காலையிலேயே பசியோடு இருப்பார்கள். அந்தக் கடையைப் பேர்பெற வைத்த பிட்மாஸ்டர் டூட்ஸி டோமனெட்ஸ் 1935இல் பிறந்த பெண்மணி. பேர் வந்த பிறகும் வார நாட்களில் பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். டெக்சாஸ் மன்த்லி பத்திரிகை 2008இலும் 2017இலும் மாநிலத்தின் முதலிடத்தை இந்தக் கடைக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு விடியுமுன்னே வரிசை நிற்கிறது.

மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் வான்கோழி நெஞ்சுக்கறி கேட்கலாம். சரியாகப் புகைத்தது என்றால் பிரிஸ்கெட்டுக்குச் சளைக்காது. ஆனால் எல்லாம் ஒரே அடுப்பில், ஒரே வெட்டுப்பலகையில்தான். ஆட்டுச் சாதிக் கறிதான் வேண்டும் என்றால் கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோ ஊருக்குப் போகலாம். அங்கே முற்றிய செம்மறியாட்டைப் புகைப்பதுதான் ஊர்ப்பாணி, மூன்லைட் கடையில் அது கிடைக்கும். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு சாலட், முட்டைக்கோஸ் சாலட், ரொட்டி, வாழைப்பழப் புட்டிங் என்று ஒப்பேற்றலாம். பீன்ஸை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். பாதிக் கடைகளில் அதற்குள்ளும் கறி கிடக்கும்.